நியூபோர்ட் டிரினிட்டி சர்ச் (1726): இரண்டாக அறுத்து நீட்டினார்கள் என்பது உண்மையா? மரக் கட்டடம் பற்றிச் சில கேள்விகள்

கிழக்குவாசல் (கேள்வி)

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், நியூபோர்ட் துறைமுகத்தை ஒட்டி இருக்கும் டிரினிட்டி எபிஸ்கோப்பல் (இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்த சபை) ஆலயம் பற்றி எங்கள் கட்டடக்கலை வாசிப்புக் குழுவில் பேச வேண்டும். படங்கள் கையில் இருக்கின்றன. சில விஷயங்கள் மட்டும் பிடிபடவில்லை.

முதலாவது, பிரசங்க மேடை. எந்த ஆலயத்திலும் அது ஓரமாகத்தான் இருக்கும். இங்கே நடுப்பாதையில், பீடத்துக்கு நேர் முன்னால், அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பிறகு யாராவது இடம் மாற்றினார்களா, ஆதியிலிருந்தே இப்படித்தானா?

அடுத்தது, 1762இல் ஆலயத்தைக் குறுக்கே அறுத்து, பின்பாதியை நகர்த்தி, நடுவில் புதிதாகக் கட்டிச் சேர்த்தார்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. இதை எந்த வேலைமுறையில் செய்திருப்பார்கள்?

கடைசியாக, முழுக்க மரம். கடற்காற்று நேராக அடிக்கிற இடம். 300 வருடத்தை நெருங்குகிறது. கல்லே அரிக்கிற ஊரில் பலகை எப்படி நிற்கிறது?

விக்கிப்பீடியா வாசித்தாகிவிட்டது. அதைத் தாண்டி யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

தூண்வரிசை

மேடை ஆதியிலிருந்தே அங்கேதான். அமெரிக்காவில் இந்த வகை மூன்றடுக்கு மேடை, நடுப்பாதையில், தன் பழைய இடத்திலேயே மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். அதைப் புரிந்துகொள்ள, கட்டடத்தைக் கோயிலாகப் பார்க்காமல் பிரசங்கம் கேட்கும் மண்டபமாகப் பாருங்கள்.

இதன் மூலம் லண்டனில் இருக்கிறது. 1666 தீவிபத்துக்குப் பிறகு கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கட்டிய ஆலயங்களில், குறிப்பாக 1684இல் பிரதிஷ்டையான பிக்காடிலி செயின்ட் ஜேம்ஸில், ஓர் அமைப்பு பக்குவப்பட்டது. நீள்சதுரக் கூடம், மூன்று பக்கம் கேலரி. கேலரியைத் தாங்கும் தூணுக்கு நேர் மேலேயே இன்னொரு தூண் எழும்பி வளைகூரையைத் தாங்கும். சன்னல்கள் இரண்டு வரிசை: கீழ்வரிசை கேலரிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெளிச்சம், மேல்வரிசை கேலரிக்காரர்களுக்கு. நியூபோர்ட் படத்தில் வெளிச்சுவரில் வளைவுத் தலை சன்னல்கள் இரண்டடுக்காக ஓடுகின்றன அல்லவா, அது அலங்காரத்துக்கு இல்லை. உள்ளே மாடி இருக்கிறது என்பதை வெளியே சொல்கிறது.

ரென் 1711இல் புது ஆலயங்கள் கட்டுவது பற்றி எழுதிய குறிப்பில் கணக்கே போட்டிருக்கிறார். சராசரிக் குரல் உள்ள பிரசங்கியார் பேசினால் முன்பக்கம் 50 அடி, இருபக்கமும் 30 அடி, பின்னால் 20 அடி வரை தெளிவாகக் கேட்கும். அதற்குமேல் கட்டினால் காசு வீண் என்பது அவர் எண்ணம்.

இதை நியூபோர்ட்டில் வைத்துப் பாருங்கள். 1726இல் கட்டி முடிந்தபோது கூடம் சுமார் 70 அடி நீளம், 46 அடி அகலம். மேடை அகலத்துக்கு நடுவில் நின்றால் பக்கச் சுவர் 23 அடி. பீடத்துக்கும் அதன் கிராதிக்கும் ஒரு 15, 20 அடி விட்டால், கடைசிப் பெட்டி இருக்கை (பலகை அடைத்த குடும்ப இருக்கை) கிட்டத்தட்ட 50 அடியில் விழும். கணக்கு கச்சிதம். மேடையை ஓரத்துத் தூணில் சாய்த்திருந்தால் எதிர்ப்பக்க கேலரிக்காரருக்குப் பாதிதான் கேட்டிருக்கும்.

மூன்று அடுக்கும் மூன்று பேருக்கு. கீழே கிளார்க், சபையார் சொல்ல வேண்டிய பதில்களை முன்னின்று சொல்பவர். நடுவில் குருவானவர் நின்று ஜெபப் புத்தகத்தையும் வேதபாடங்களையும் வாசிக்கும் மேசை. உச்சியில் பிரசங்கம். உச்சி மேடை ஒயின் கிண்ணம் போல ஒற்றைத் தண்டின்மேல் விரிகிறது. அதற்கு மேல் தொங்கும் மரக்கூரை ஒலிப்பலகை. மேலே போகிற குரலைக் கீழே திருப்பும். பீடத்தில் அப்பமும் ரசமும் வைத்து நடத்தும் திருவிருந்து அன்று வருடத்துக்குச் சில தடவைதான் நடக்கும். ஆகவே பீடம் மறைவது அந்தக் காலத்துச் சபைக்கு ஒரு பொருட்டே இல்லை. 19ஆம் நூற்றாண்டில், பழைய சடங்கு முறைகளை மீட்க எழுந்த ஆக்ஸ்போர்டு இயக்கத்தின் தாக்கத்தால் பீடமே முதன்மை என்றானபோது, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட மேடைகளை வரிசையாகப் பிடுங்கி எறிந்தார்கள். நியூபோர்ட் தப்பியதற்குப் பக்தி மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்கப் புரட்சிப் போருக்குப் பிறகு ஊரின் வணிகம் படுத்துவிட்டது. இடித்துப் புதிதாகக் கட்டக் காசு இல்லாத ஊரில் பழைய கட்டடம் பிழைக்கும். நியூபோர்ட்டில் காலனிக் கால வீடுகள் இத்தனை மிஞ்சியதற்கும் இதேதான் காரணம்.

கட்டியவர் ரிச்சர்ட் மண்டே. உள்ளூர்த் தச்சர், கட்டட மேஸ்திரி. 1739இல் அங்கே தொடங்கிய காலனி ஹவுஸும் (காலனி அரசின் மன்றக் கட்டடம்) அவர் கைவண்ணம்தான், அது செங்கல். ஆலயத்துக்கு அவர் பக்கத்தில் பார்த்து வேலை செய்ய ஒரு மாதிரி இருந்தது: பாஸ்டனில் 1723இல் எழும்பிய கிறைஸ்ட் சர்ச், இன்று ஓல்ட் நார்த் என்கிறார்கள். அங்கே செங்கல் சுவர். மண்டே அதே வடிவத்தை மரத்தில் கொண்டுவந்தார்.

உளிச்சத்தம்

அறுத்து நீட்டியது உண்மைதான். ஐந்து பத்தியாக இருந்த கூடம் ஏழு பத்தியானது. பத்தி என்றால் இரண்டு தூண் வரிசைக்கு இடைப்பட்ட ஒரு கண்ணி. வெளியே ஒரு சன்னல் அகலம். 70 அடியில் ஐந்து என்றால் ஒன்று 14 அடி, ஆக ஏறக்குறைய 28 அடி கூடியிருக்கிறது.

மரச்சட்டக் கட்டடத்தில் இது கேட்கிறபோது தோன்றுகிற அளவுக்கு அதிசயம் இல்லை. நியூ இங்கிலாந்தில் அக்காலத்தில் வீடுகளையே உருட்டிக்கொண்டு போவார்கள். செங்கல் சுவர் ஒரே உடம்பு, அறுத்தால் விரிசல்தான். மரச்சட்டம் அப்படியில்லை. ஒவ்வொரு தூண் வரிசையும், அதற்கு மேலே உள்ள கூரைச் சட்டமும் சேர்ந்து தனித்து நிற்கக்கூடிய ஒரு குறுக்குச் சட்டம். அவற்றை நீளவாக்கில் கட்டிப்போடுவது நாலே நாலு விஷயம்: தரையில் அடிச்சட்டம், சுவர் தலையில் மேல்சட்டம், கூரையில் கைமரங்களைத் தாங்கும் நெடுக்கு உத்திரங்கள், வெளியே பலகை. இந்த நாலையும் ஒரு பத்தியின் நடுவில் அறுத்தால் கட்டடம் இரண்டு பெட்டியாகிவிடும்.

அந்தக் காலத்து வேலைமுறை பொதுவாக இப்படி. முதலில் அறுக்கும் இடத்தில் பெட்டி இருக்கைகளையும் தரைப்பலகையையும் கழற்றுவார்கள். சாந்துப் பூச்சை வெட்டுக்கோட்டில் இருபுறமும் ஒரு முழம் உரித்துவிடுவார்கள். விட்டால் ஆட்டத்தில் பாளம் பாளமாக விழும். அடுத்து, நகரப்போகிற பாதிக்குள் மூலைக்கு மூலை சாய்ந்த முட்டுக்கால்கள் ஆணியடித்து, சீட்டுக்கட்டுப் போலச் சாயாமல் இறுக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் கழுந்துகள் (ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கி, இன்னொன்றின் துளையில் செருகும் நாக்குகள்) துளையிலிருந்து உருவிக்கொள்ளும். மரமுளைகள் வெட்டுண்டுபோகும், பிறகு இழுத்துச் சேர்த்தாலும் பிடிப்பு வராது. இதற்குள் புது இடத்தில் அஸ்திவாரம் எழுப்பி மட்டம் பார்த்திருக்க வேண்டும். திருகு ஜாக்கியாலும் நெம்புகோலாலும் அடிச்சட்டத்தை ஒரே சீராக உயர்த்தி, அடியில் கொழுப்புத் தடவிய நெடுஞ்சட்டங்களைச் செருகி, மாடு கட்டிய செக்குருளையால் கயிறு சுற்றி இழுப்பார்கள். ஒரு மூலை மட்டும் அரை அங்குலம் கூட ஏறினால் சன்னல் சட்டம் கோணும், கண்ணாடி முதலில் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எந்தப் பாதியை நகர்த்துவது? கோபுரம் இருக்கிற பாதியை யாரும் தொடமாட்டார்கள். கூம்பு மேலே, எடை மேலே. ஆகவே பீடம் உள்ள பாதிதான் பின்னுக்குப் போகும்.

இடைவெளியில் புதிய குறுக்குச் சட்டங்கள் நிறுத்திய பிறகு, அடிச்சட்டத்தையும் மேல்சட்டத்தையும் சாய்வொட்டு மூட்டால் (இரு முனையையும் சாய்வாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று பொருத்துவது) பிணைக்க வேண்டும். இங்கேதான் தடயம் கிடைக்கும். அதே ஊர்க் கட்டடம் எதையாவது நேரில் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பரணுக்குப் போக அனுமதி கிடைத்தால் இவற்றைத் தேடுங்கள்:

சட்டங்களில் உளியால் கொத்திய ரோமன் எண்கள். தச்சர் தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று போட்ட அடையாளம். வரிசை நடுவில் உடைந்து வேறு கையெழுத்தில் தொடங்கினால் அங்கே பிற்சேர்க்கை. அடுத்து வாள்தடம்: நேர்கோடுகளாக மேலும் கீழும் ஓடினால் குழிவாள் (ஒருவர் குழியிலும் ஒருவர் மேலேயும் நின்று இழுப்பது) அல்லது பழைய ஆலை வாள், வில்போல வளைந்தால் வட்டவாள், அதாவது 19ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பு. ஆணி: கொல்லன் அடித்த நாற்புறமும் குறுகும் ஆணி 18ஆம் நூற்றாண்டு, தகட்டிலிருந்து வெட்டிய ஆணி 1790களுக்குப் பிறகு, உருண்டைக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசி. ஆனால் ஆணியை மட்டும் நம்பித் தேதி சொல்லாதீர்கள். பழைய ஆணியை நிமிர்த்தி மறுபடியும் அடிப்பது சர்வ சாதாரணம். மூன்று தடயமாவது ஒத்துப்போக வேண்டும்.

தூண்வரிசை சொன்ன ரென் கணக்கு 1762இல் அடிபட்டுப்போயிற்று என்பதையும் கவனியுங்கள். 28 அடி கூடினால் கடைசிப் பெட்டிக்கு ஏறத்தாழ 80 அடி. சபை பெருகிவிட்டது, குரல் பெருகவில்லை!

மணிமேடை

ஆர்கன் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. தத்துவவாதி ஜார்ஜ் பார்க்லி 1729 ஜனவரியில் நியூபோர்ட் வந்து 1731 வரை பக்கத்து மிடில்டவுனில் ஒயிட்ஹால் என்ற வீட்டில் இருந்தார். பெர்முடாவில் கல்லூரி நிறுவ லண்டன் பாராளுமன்றம் தருவதாகச் சொன்ன பணம் வரவே இல்லை, திரும்பிவிட்டார். இருந்த காலத்தில் டிரினிட்டியில் அந்த மேடையிலிருந்து பிரசங்கித்திருக்கிறார். கைக்குழந்தையாக இறந்த அவர் மகள் லூசியா அங்கே கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருக்கிறாள்.

ஊர் திரும்பிய பிறகு 1733இல் அவர் அனுப்பிய பரிசுதான் ஆர்கன். லண்டன் ரிச்சர்ட் பிரிட்ஜ் பட்டறை. அதைப் பொருத்தவும் வாசிக்கவும் வந்தவர் கார்ல் தியோடர் பாக்கெல்பெல், புகழ்பெற்ற இசையமைப்பாளர் யோஹான் பாக்கெல்பெல்லின் மகன். இன்று உள்ளே இருக்கும் குழாய்கள் பிற்காலத்தவை, முகப்பு மரப்பெட்டிதான் பழையது. அதன் தலையில் கிரீடமும் ஆயர் மகுடங்களும் இருக்கும். 1779 அக்டோபரில் பிரிட்டிஷ் படை ஊரைக் காலிசெய்ததும் உள்ளூர்க்காரர்கள் புகுந்து பீடத்தின் பின்னிருந்த அரச சின்னத்தைப் பிய்த்தெறிந்தார்கள், கிரீடம் மட்டும் கைக்கு எட்டாததால் தப்பியது என்பது வழிவழியாகச் சொல்வது.

கிழக்குவாசல்

அருமை. உளிச்சத்தம் சார், ரோமன் எண் விஷயம் எனக்குப் புதிது.

மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. உப்புக்காற்றில் மரம். இப்போதெல்லாம் இற்றுப்போன இடத்தைச் சுரண்டி எபாக்சி என்ற இறுகும் பிசினை ஊற்றி அடைத்துவிடுகிறார்களே, அதோடு முடிந்துவிடாதா? இன்னொன்று, கறுப்பினத்தவர் கேலரியில் உட்கார்ந்ததாக ஒரு வரி வாசித்தேன். அதையும் பேச்சில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

உப்புக்காற்று

உப்பு மரத்தைத் தின்னாது, முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உப்பு தின்பது ஆணியையும் தகட்டையும். மரத்தைத் தின்பது உள்ளே மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாத நீர். நியூபோர்ட்டில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு, நம் கடற்கரைகளில் இல்லாதது: உறைபனி. இடுக்கில் புகுந்த நீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி இன்னும் உள்ளே போகும். ஒரு குளிர்காலத்தில் இது பல தடவை நடக்கும். பெயின்ட் படலம் பிளப்பது பெரும்பாலும் இதனால்தான்.

மரம் நிலைப்பதற்கு இருக்கிற கணக்கு எளிது. ஈரமானியில் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. 28 சதவீதம் தாண்டி, நாருக்குள் நீர் நிரம்பிய நிலையில் நின்றால் இற்றுப்போவது நிச்சயம். பழைய மரக் கட்டடத்தில் இந்த எல்லையைத் தாண்டும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்: அஸ்திவாரத்தின் மேல் கிடக்கும் அடிச்சட்டம், தூண்களின் பாதம், சன்னல் படியின் இரண்டு முனை, கோபுரம் கூரையோடு சேரும் மூலை, மணிக்கூட்டின் தளம். சுவரின் நடுப்பகுதியை யாரும் கவனிக்காவிட்டாலும் நூறு வருடம் அது பாட்டுக்கு நிற்கும்.

எபாக்சி கேள்விக்கு வருகிறேன். முடிந்துவிடாது. பல சமயம் அது கெடுக்கும். சன்னல் படியின் மேற்பரப்பில் கட்டைவிரல் அளவு இற்றுப்போயிருந்தால், நன்றாக உலர்த்தி, பஞ்சுபோன ஆனால் வடிவம் கெடாத நாரை மெல்லிய எபாக்சியால் கெட்டிப்படுத்தி, மேலே களிம்பு எபாக்சி நிரப்பலாம். எடை தாங்கும் அடிச்சட்டத்தில் அதைச் செய்தால் என்ன ஆகும்? எபாக்சி நீர் விடாது. நீர் வரும் வழியை அடைக்காமல் ஊற்றினால், எபாக்சிக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள கோட்டில் ஈரம் தேங்கி, நல்ல மரம் புதிதாக இறும். மேலே தட்டிப்பார்த்தால் கல் மாதிரி கேட்கும், பின்னால் மாவாகியிருக்கும்.

அடிச்சட்டத்துக்குச் செய்ய வேண்டியது ஒட்டு. குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். நல்ல ஓக்கில் முனை நிற்கும். இற்றதில் வெண்ணெயில் போவது போல இறங்கும். நல்ல மரம் தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் ஒரு முழம் உள்ளே போய் வெட்டுங்கள். மேல் எடையை முதலில் ஜாக்கியில் ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு எட்டில் ஒரு அங்குலத்துக்குமேல் தூக்கக்கூடாது, அவசரப்பட்டால் உள்ளே சாந்துப் பூச்சு வெடிக்கும். ஒட்டும் துண்டு அதே இன மரம், அதே நார் ஓட்டம், உலர்ந்தது. சாய்வொட்டின் நீளம் சட்ட உயரத்தைப்போல மூன்று, நான்கு மடங்காவது இருக்க வேண்டும், மூட்டு அஸ்திவாரத்தின்மேல் உட்கார வேண்டும், அந்தரத்தில் அல்ல. வெளி மண்மட்டம் அடிச்சட்டத்துக்கு எட்டு அங்குலமாவது கீழே இருக்கட்டும். வருடக்கணக்கில் பூச்செடி வைத்தும் சருகு குவிந்தும் மண்மட்டம் ஏறுவதுதான் பெரும்பாலான அடிச்சட்டம் இறுவதற்குக் காரணம். அஸ்திவாரக் கல்லிடுக்கில் சிமென்ட் பூசுவதும் அதே ரகம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். சிமென்ட் அதை மேலே, மரத்துக்கு ஏற்றும்.

வெளிப்பலகை விஷயத்தில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஒன்றின்மேல் ஒன்று படியும் மெல்லிய பலகைகளின் கீழ்விளிம்பில் சிலிக்கான் பூசி அடைத்துவிடுவார்கள். மழை புகாது என்று நினைப்பு. உண்மையில் பின்னால் புகுந்த ஈரம் வெளியே வர இருக்கிற ஒரே வழி அந்தக் கீழ்விளிம்பு. அடைத்த மூன்று, நான்கு வருடத்தில் பெயின்ட் கொப்பளிக்கும். செங்குத்து இணைப்பை, அதாவது பலகை மூலைச்சட்டத்தையும் சன்னல் சட்டத்தையும் சந்திக்கும் இடத்தை மட்டும் அடைக்க வேண்டும். கிடைக்கோட்டைத் தொடாதீர்கள்.

புதுப்பலகை மாட்டும்போது ஆறு முகத்திலும் பிரைமர். வெட்டுமுனையை மறந்தால் அந்த முனைதான் முதலில் போகும். நார்முனை நீரைக் குழாய் போல உறிஞ்சும். ஆணி ஒரு பலகையை மட்டும் பிடிக்கட்டும், கீழே உள்ளதையும் சேர்த்துக் குத்தினால் சுருங்கும்போது பலகை நடுவில் கிழியும். கடலோரத்தில் 316 ரக துருப்பிடிக்கா எஃகு ஆணி. துத்தநாகம் பூசிய ஆணியைச் செம்புத் தகட்டுக்குப் பக்கத்தில் அடித்தால், உப்பீரத்தில் துத்தநாகம் கரைந்து ஆணி அழியும். பெயின்ட் அடிக்கும் முன் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, மர ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும்வரை காத்திருங்கள். உப்புத்தூளின்மேல் அடித்த பெயின்ட் எந்தக் கம்பெனியுடையதானாலும் உரியும்.

பழைய பெயின்ட் உரிப்பதில் ஜாக்கிரதை. அடியில் ஈயம் நிச்சயம் இருக்கும். நனைத்துச் சுரண்டுங்கள், தூசியை ஹெப்பா வடிகட்டி (மிக நுண்ணிய தூசியையும் பிடிப்பது) உள்ள வாக்குவத்தில் எடுங்கள். தீச்சுவாலை காட்டி உரிப்பது கூடவே கூடாது. பலகைக்குப் பின்னாலுள்ள பறவைக்கூட்டிலோ மரத்தூளிலோ ஒரு பொறி விழுந்து, ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு பற்றிக்கொள்ளும். பழைய மர ஆலயங்கள் எரிந்துபோவதற்கு இது ஒரு பிரசித்தமான வழி.

கோபுரத்துக்குக் காற்றுதான் எதிரி. மண்டேக்கு மாதிரியாக இருந்த ஓல்ட் நார்த்தின் கூம்பு 1804 புயலில் விழுந்தது, திரும்பக் கட்டியது 1954இல் கரோல் புயலில் விழுந்தது. கூம்பு என்பது ஒரு நெம்புகோல். விழுவதை முடிவு செய்வது கூம்பு இல்லை, அதன் பாதம் கோபுரத்துக்குள் இறங்கும் மூட்டுகள். சன்னல் இல்லாத இருட்டு, புறா எச்சம், சாரல் தேங்கும் கழுந்துத் துளை. வருடத்துக்கு ஒரு முறையாவது, பெரும்புயலுக்குப் பின் கட்டாயமாகவும், ஒருவர் விளக்கும் குத்தூசியும் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். கழுந்துத் துளையின் அடியில் சிறு வடிகால் துளை போட்டிருக்கிறதா, மணிக்கூட்டுச் சரிவுப்பலகைகளின் பின்னால் பறவை வலை கிழியாமல் இருக்கிறதா, தள ஈயத்தகட்டில் விரிசல் உண்டா, இவ்வளவுதான் பார்க்க வேண்டியது.

தூண்வரிசை

உப்புக்காற்று சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், வண்ணக் கண்ணாடி. ஆதியில் எல்லாச் சன்னலும் வெறும் கண்ணாடி. பின்னால் வந்த நினைவுச் சன்னல்களில், வண்ணக் கண்ணாடிக்குப் பேர்போன நியூயார்க் டிஃபானி பட்டறை வேலையும் உண்டு. அழகுதான், ஆனால் அந்தக் கூடத்துக்கு அது அந்நியம் என்பது என் கட்சி. வெள்ளை வெளிச்சத்தில் ஜெபப் புத்தகம் வாசிப்பதற்காகக் கட்டிய அறை. பராமரிப்பிலும் தலைவலி: டிஃபானி கண்ணாடி பல அடுக்கு, அடுக்குகளுக்கிடையில் ஈரமும் தூசியும் சேரும். பாதுகாப்புக்காக வெளியே இன்னொரு கண்ணாடி மாட்டினால் மேலும் கீழும் காற்றுத்துளை விட வேண்டும், இல்லாவிட்டால் இடைவெளி அடுப்பாகி ஈயப்பட்டை தொய்ந்து கண்ணாடி வயிறு தள்ளும்.

பெட்டி இருக்கைகளையும் பேச்சில் சேருங்கள். இடுப்புக்கு மேல் உயரம், கதவு, எண். உயரமான பலகை குளிர்காற்றைத் தடுக்கும். சூடேற்றும் வசதி இல்லாத காலத்தில் ஆளுக்கொரு கால்சூட்டுப் பெட்டி கொண்டுவருவார்கள். பெட்டி குடும்பத்தின் சொத்து, வாடகை உண்டு, அதில்தான் சபை ஓடியது. ரோட் ஐலண்டில் அரசு ஆதரவு பெற்ற சபை எதுவும் கிடையாது. ஆகவே மற்றவர்களும் பக்கத்திலேயே: குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கூட்ட வீடு 1699, தூரோ யூத ஜெப ஆலயம் 1763, எல்லாம் சில நிமிட நடையில். 81ஆம் எண் பெட்டியில் வாஷிங்டன் உட்கார்ந்தார் என்று காட்டுவார்கள். பிரெஞ்சுப் படைத்தலைவர் ரோஷாம்போவைச் சந்திக்க 1781 மார்ச்சில் அவர் ஊருக்கு வந்தது உறுதி.

கேலரி பற்றி: சொல்லத்தான் வேண்டும். நியூபோர்ட் அடிமை வாணிபத்தின் பெரிய துறைமுகம். அந்தப் பெட்டிகளை வாங்கிய வணிகர் பலரின் பணம் அதிலிருந்து வந்தது. அடிமைகளாக இருந்தவர்கள் மேலே உட்கார்ந்தார்கள். 1762இல், அதாவது கட்டடத்தை நீட்டிய அதே வருடம், லண்டனின் பிரே சங்கம் என்ற ஆங்கிலிகன் அறக்கட்டளையின் காசில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி திறந்தது, மேற்பார்வை டிரினிட்டி குருவானவர். வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், விடுதலை கொடுக்கவில்லை.

செம்மண்தேரி

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். டிரினிட்டியில் 1704 முதல் 1750 வரை குருவானவராக இருந்த ஜேம்ஸ் ஹனிமன், எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் ஆங்கிலிகன் சங்கம்) அனுப்பிய மிஷனரி. 1701இல் லண்டனில் தொடங்கிய அதே சங்கம்தான் 1820களில் தமிழ்நாட்டில் பழைய தஞ்சாவூர், திருநெல்வேலி மிஷன் சபைகளை ஏற்றது. கால்டுவெல் இடையன்குடியில் பணியாற்றியதும் எஸ்.பி.ஜி.யில்தான், அவர் கட்டி 1880இல் முடித்த ஆலயமும் பரிசுத்த திரித்துவ ஆலயம்தான். ஆனால் கட்டடங்களை ஒப்பிட முயலாதீர்கள். இடையன்குடி 19ஆம் நூற்றாண்டுக் கோதிக், கூர்வளைவு, பீடம் பிரதானம். டிரினிட்டி அதற்கு முந்தைய ரசனை. நடுவில் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது.

பேச்சுக்கு அளவுப்படம் வேண்டுமானால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தளத்தில் வரலாற்றுக் கட்டட ஆவணத் தொகுப்பில் தேடுங்கள், இலவசம், பெரிய கோப்பாகவே இறக்கலாம். உள்கூடப் படத்தில் கேலரித் தூணையும் மேல்தூணையும் ஒரே சட்டத்தில் காட்டும் படமாகப் பார்த்து எடுங்கள். முதல் பதிலில் சொன்னது முழுதும் அதில் தெரிந்துவிடும்.

தலைப்பில் மட்டும் ஒரு திருத்தம். "1726 எபிஸ்கோப்பல் ஆலயம்" என்று போடாதீர்கள். அப்போது அது இங்கிலாந்துத் திருச்சபை, லண்டன் பேராயரின் பார்வையில். காலனிகளில் ஒரு பேராயர்கூட இருந்ததில்லை. திடப்படுத்தல் பெற வேண்டுமானால் கடல் தாண்ட வேண்டும். முதல் அமெரிக்கப் பேராயர் சாமுவேல் சீபரி 1784இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அபிஷேகம் பெற்றார், எபிஸ்கோப்பல் சபை 1789இல்தான் சட்டதிட்டத்தோடு அமைந்தது. "1726இல் கட்டிய ஆலயம், இன்று எபிஸ்கோப்பல் சபையுடையது" என்று போட்டால் சரியாக இருக்கும்.